ஈரம் மூன்று வீதம்

முதலில் வாங்கியது அற்றன் நகைக்கடைப் பெட்டி.
நீல வெல்வெட். மூடினால் 'டப்' என்று ஒரு மரியாதை.
மூன்று வாரம் கழித்துத் திறந்தேன்.
ஆர்ஜென்டினா இரும்பின் ஓரத்தில்
வெற்றிலைச் சாறு போல ஒரு கசிவு.
வெல்வெட் ஈரத்தைக் குடித்துக் குடித்து
கல்லுக்கு ஊட்டியிருக்கிறது.

தலவாக்கலையில் எதுவும் காய்வதில்லை.
ஆடியில் தீக்குச்சி உரசாது,
உப்பு ஜாடியில் தண்ணீராய் நிற்கும்.
நானூற்றைம்பது கோடி வருஷம்
வெளியில் கிடந்து கெடாதது
என் அலமாரிக்குள் கெட்டது.

எனக்குத் தொழிற்சாலையில் சாம்பிள் அறை வேலை.
டிரையர் வாயிலிருந்து இறங்கும் தூளில்
ஈரம் மூன்று வீதம் இருக்க வேண்டும்;
கூடினால் என் தலை உருளும்.
தூளுக்குப் பார்க்கிற கணக்கைக்
கல்லுக்கும் பார்த்தால் என்ன?

மரம் கேட்டுப் போனேன்.
"தேக்கு போடுவோம், பேரன் காலம் வரை நிற்கும்,"
என்றார் விமலரத்ன பாஸ்.
மூடிய இருட்டில் மரம் மூச்சு விடும்,
அந்த மூச்சில் புளிப்பு இருக்கும்,
அது இரும்பைத் தின்னும் என்றேன்.
சிரித்தார்.
பிறகு ஒரு சீவலை எடுத்து மூக்கில் வைத்தார்.
சிரிப்பைக் காணோம்.

கடைசியில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைதான்.
உள்ளே சாம்பிள் பையின் வெள்ளித்தாள்,
இஸ்திரி போட்டு ஒட்டியது.
மூடிக்குப் படச்சட்டக் கடைக் கண்ணாடி.
புது டிவியைச் சுற்றி வந்த வெள்ளை நுரை, மெத்தைக்கு.
மாத்திரைப் போத்தல்களில் கிடக்குமே,
சாப்பிடக்கூடாது என்று எழுதிய பொட்டலங்கள்,
அவற்றை டிஸ்பென்சரி ரஞ்சிதமலர்
ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்துத் தந்தாள்.
எதற்கு என்று கேட்கவில்லை. ஊறுகாய்க்கு என்று நினைத்திருப்பாள்.

நீளவாக்கில் ஒரு தடுப்பு, குறுக்கே ஐந்து.
பன்னிரண்டு அறை, எல்லாம் ஒரே அளவு,
முதுகோடு முதுகு ஒட்டி.
பசை காயட்டும் என்று எட்டி நின்று பார்த்தேன்.

இரட்டை லயம்.
கூரை மட்டும் கண்ணாடி.
நான் பிறந்தது ஏழாம் நம்பரில்.

அன்று ராத்திரியே தடுப்புகளைப் பிடுங்கிப் போட்டேன்.
விடிந்து பெட்டியைத் தூக்கியபோது
எல்லாம் ஒரு மூலைக்கு உருண்டு
சஹாராக் கல்லின் கருந்தோலில் ஒரு சில்லு போயிருந்தது.
சுவரே வேண்டாம் என்பதும்
கல்லுக்குச் சரிவரவில்லை.

ஒவ்வொன்றையும் நுரைமேல் வைத்துப்
பென்சிலால் சுற்றி வரைந்து
அதனதன் உடம்புக்கு வெட்டினேன்.
இரும்புக்கு ஆழக் குழி.
பச்சைப்பயறளவு ரஷ்யத் துணுக்குக்கு
ஒரு விரல்நுனிப் பள்ளம், ஆனால் நட்டநடுவில்.

பிறகு சீட்டு எழுதினேன்.
எடை. விழுந்த நாள். விழுந்த ஊர்.
சீட்டுத் தொலைந்தால் கல் வெறும் கல்தான்
என்று விற்றவன் கடிதத்தில் இருந்தது.
ட்ரங்குப் பெட்டியில், பொலித்தீன் மூன்று சுற்றுச் சுற்றி,
அப்பா வைத்திருக்கும் பிரஜாவுரிமைப் பத்திரத்தை
நான் நினைக்கப் போகவில்லை.
தானாக வந்தது.

பன்னிரண்டாவது குழி காலி.
இரண்டாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் புஷ்பகாந்தி
முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள்.
"மின்னல் அன்றைக்கு விழுந்தது, சத்தியமாய்."
காந்தம் கொஞ்சம் இழுத்தது.
அரத்தால் ஓரத்தைத் தேய்த்தேன்:
உள்ளே முழுக்கக் குமிழிகள்.
பழைய பாய்லர் கசடு.
சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.
"அப்ப இதுக்கு இடமில்லையா?"

இப்போது சீட்டு இப்படி:
இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
இரண்டாம் நம்பர் மலை.
எடுத்தவர் புஷ்பகாந்தி.
பாய்லர் கசடு.

இன்றைக்கு உள்ளே முப்பத்தொன்று,
வெளியே தொண்ணூற்று நான்கு, மழை.
பொட்டலங்களின் நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால்
வறுத்தெடுக்க வேண்டும்.
டிரையர் வாய் இருக்கிறது.
கண்டக்டர் ஐயா டீ குடிக்கப் போகிற
பத்து நிமிஷம் போதும்.